எண்பது கிலோவுக்காக ஓடிய பாதைகள்

எண்பத்தொன்பது கிலோ. சென்னை ஆஸ்பத்திரியின் எடை மெஷின் அன்றைக்குக் காட்டியது அதுதான். பெல்ட், செல்போன், ஆட்டோ சாவி எல்லாவற்றோடும் அதன்மேல் நின்றிருந்தேன். சாவியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நிற்கட்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. ரத்தமும் சேருது. ஆனா இந்த வெயிட்டோட உங்களை டேபிள்ல படுக்க வைக்க மாட்டேன். சர்க்கரை வேற வாசல்ல வந்து நிக்குது. எண்பதுக்குக் கீழ வாங்க, மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

"அதுவரைக்கும் இவளுக்கு?"

"டயாலிசிஸ் போயிட்டு இருக்கட்டும். ஆனா ரொம்ப நாள் இழுக்க வேணாம்."

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் பழைய அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளலாம். அப்பா ஏன் விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடுகிறார் என்று இரண்டு பேரும் எத்தனையோ முறை கேட்டீர்கள். உடம்புக்கு நல்லது என்று சொன்னேன். யாருடைய உடம்புக்கு என்று சொல்லவில்லை.

அம்மாவுக்கு அப்போது செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அது எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. அவளுக்குள் இருக்கும் இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன. வேறு ஒருவர் ஒன்று கொடுக்க வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்த உங்கள் மாமா முன்வந்தார். அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கு ரத்தம் சேரவில்லை. மிச்சம் இருந்தது நான் ஒருத்தன். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது, தொப்பையைத் தவிர.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீழ்பென்னாத்தூர் வந்து, அவள் பிறந்த ஊருக்குப் பிரியும் ரோடு கண்ணில் பட்டதும் சொன்னாள்.

"இத்தினி வருசம் நான் ஆக்கிப்போட்ட சோறே எனக்கு எதிரா நிக்குது பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சாமான் வைக்கிற கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர்க்காரனை ஓடச் சொன்னால் அவன் கால் எங்கே போகும்? அண்ணாமலையார் மலைப் பக்கம்தான் போகும். மறுநாள் காலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே சூடம் ஏற்றி வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு கிரிவலம். காலில் செருப்பில்லாமல். முடிந்த வரை ஓடுவது, முடியாத இடத்தில் நடப்பது. இவளைப் பிழைக்க வை. இப்படி வேண்டிக்கொள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா செருப்பைப் பற்றிப் பேசவே இல்லை. நானாகவே சேர்த்துக்கொண்டது அது. வலித்தால்தான் வேண்டுதல் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் ஆட்டோ போடுகிற உங்கள் பெரிய மாமா (சொந்த மாமா இல்லை, நீங்கள் அப்படிக் கூப்பிடுகிறவர்) அன்றைக்கே என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மச்சான், வண்டி மக்கர் பண்ணுதா? காலால போற?"

"உடம்பு குறைக்கணும்டா."

"ஆட்டோக்காரன் ஓட ஆரம்பிச்சா சவாரி இன்னா பண்ணும்? அதுவும் பின்னாடியே ஓடி வருமா?"

ஸ்டாண்டே சிரித்தது. அவரிடம் மட்டும் பிற்பாடு விஷயத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் மற்றவர்கள் முன்னால் இன்னும் ஜாஸ்தியாகக் கிண்டல் செய்தார். எனக்கு அது ஒத்தாசையாக இருந்தது. யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை.

முதல் நாள், பாதையில் மூன்றாவதாக வரும் எமலிங்கம் வருவதற்குள் எனக்கு மூச்சு போய்விட்டது. ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடுவேன், அதற்கடுத்த கம்பம் வரை நடப்பேன். நெஞ்சு ஆட்டோ எஞ்சின் மாதிரி அடித்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் அங்கேயே திரும்பி வீட்டுக்கு வந்திருப்பான். எனக்கு அது தோன்றவே இல்லை. திரும்பினால் மலை இடக்கைப் பக்கம் வந்துவிடும். பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் நடந்திருக்கிறேன். ஆட்டோவில் எதிர்ப்பக்கம் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். அது தொழில், சாமி கண்டுகொள்ளாது என்று நினைப்பு. கால் நடையாக இறங்கிவிட்டால் பதினாலு கிலோமீட்டரையும் முடித்தே ஆக வேண்டும். நடுவில் எங்கும் கதவு கிடையாது.

அன்றைக்கு முடிக்க எனக்கு முக்கால்வாசிக் காலைப் பொழுது போனது. வீட்டுக்கு வந்து வாசலிலேயே படுத்துவிட்டேன். சின்னவன் என் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்தான், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா தொப்பை ஆடுது" என்றாய். அந்தத் தொப்பைக்குள்தான் உன் அம்மாவுக்குச் சேர வேண்டியது இருந்தது.

டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு சுற்று போனேன். பாதை அழகானது, அதை நான் மறுக்கவில்லை. ஈரமான சிமெண்ட் நடைபாதை, மயில் சத்தம், அடி அண்ணாமலைக்கு முன்னால் மலை வேறு ஒரு முகத்தோடு நிற்பது. இதே வழியில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் யாரோ ஒருத்தன் இதே மாதிரி யாருக்காகவோ கெஞ்சிக்கொண்டு போயிருப்பான் என்று நினைப்பேன். ஆனால் ஒரு மாதம் கழித்து மெடிக்கல் ஷாப் மெஷினில் ஏறினால் எண்பத்தெட்டு. ஒரே ஒரு கிலோ.

காரணம் எனக்குத் தெரியும். சொல்ல வெட்கம், இருந்தாலும் எழுதுகிறேன். அந்தப் பாதையில் அன்னதானம் இல்லாத திருப்பம் கிடையாது. யாராவது ஒரு வேன் நிற்கும். பிறந்தநாள், திதி, கடை திறப்பு, நேர்த்திக்கடன். தொன்னையில் சக்கரைப் பொங்கலை வைத்து நீட்டுவார்கள். "சாமி பிரசாதம், வாங்கிக்கோங்கண்ணா." வாங்காமல் எப்படிப் போவது? அண்ணாமலையாரிடம் கையேந்தப் போகிற வழியில் அவர் கொடுக்கிறதை வேண்டாம் என்று சொல்லலாமா? வாங்கினால் கீழே போட முடியாது. போட்டால் பாவம். நான் சாப்பிட்டேன். குபேரலிங்கத்துக்கு வருவதற்குள் பொங்கல், சுண்டல், கேசரி, சில நாள் இரண்டு இட்லியும். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓடுவேன்.

அம்மா கண்டுபிடித்தது வாசனையால். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அவளுக்கு எந்த வாசனையும் ஆகாது. நான் வந்து பக்கத்தில் நின்றதும் முகத்தைச் சுளித்தாள்.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன். நெய்.

"வாயத் தொறங்க."

"ஏய், பக்கத்து வீட்டுல பாக்குறாங்க."

"பாக்கட்டும். எனக்குக் கிட்னி குடுக்கப் போறீங்களா, இல்ல அந்தப் பொங்கல் வேனுக்கு வவுத்தக் குடுக்கப் போறீங்களா?"

"பிரசாதம்டி. வேணாம்னு சொல்ல முடியுமா?"

"நான் ஒரு டம்ளர் தண்ணிய வேணாம்னு சொல்றேன். நாள் பூரா சொல்றேன். எனக்கு முடியுது, உங்களுக்கு முடியாதா?"

அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று உங்களுக்குத் தெரியுமா? அந்தச் சின்ன பாட்டில், சின்னவன் ஸ்கூலுக்குக் கொண்டுபோகிற அதே அளவு. குழம்பு, காபி எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் குடித்தால் வெளியே போக வழி இல்லை, உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாள் முதல் கையைக் கட்டிக்கொண்டு ஓடினேன். தொன்னையை நீட்டுகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் போனேன். எண்பத்தாறு வரை இறங்கியது.

பங்குனி பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அது நடந்தது. லட்சம் பேர் நடந்து போன பாதையில் என்னவெல்லாம் கிடக்கும்! வாழையிலை, கிழிந்த செருப்பு, தண்ணீர் பாக்கெட். துப்புரவுக்காரர்கள் அப்போதுதான் ஒரு முனையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சோடா பாட்டில் சில்லு ஒன்று என் இடது குதிகாலில் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கினேன். பாதி வந்தது, பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

சரியாக அதே நேரம் பெரிய மாமா ஒரு வெளியூர்க் குடும்பத்தை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்தார்.

"மச்சான், ரத்தம் வருது பாரு. ஏறு."

"வேணாம். இன்னும் பாதிதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்டா. ஏறுடான்னா."

"பாதியில ஏறுனா இந்தச் சுத்து கணக்குல வராது. நீ போ."

"சாமி இன்னா கணக்குப் புள்ளையா? பைத்தியமா உனக்கு?"

அவர் வண்டியை நடை வேகத்தில் என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார். திட்டிக்கொண்டே வந்தார். நான் நொண்டிக்கொண்டே ஈசானியலிங்கம் வரைக்கும், அங்கிருந்து கோபுரம் வரைக்கும் போய் முடித்தேன். பதினேழாவது சுற்று. அன்றைக்கு எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

வீட்டில் சொல்லவில்லை. மஞ்சள் அப்பி, துணி சுற்றி, அதன்மேல் செருப்பு போட்டுக்கொண்டு ஆட்டோ ஓட்டினேன். உள்ளே சில்லு இருந்தது. ஒரு வாரத்தில் குதிகால் ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆனது. குளிர் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிழித்துச் சில்லை எடுத்தார்கள். சென்னையில் காட்ட வேண்டிய மூன்று மாதக் கெடு அந்த வாரம்தான் வந்தது.

டாக்டரம்மா என் எடையைப் பார்க்கவே இல்லை. கட்டுப் போட்ட காலைத்தான் பார்த்தார்.

"என்ன இது?"

சொன்னேன். கிரிவலம், வேண்டுதல், எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உடம்புல சீழ் இருக்கிற ஆள்கிட்டேருந்து நான் உறுப்பு எடுக்க முடியாது. புண் முழுசா ஆறணும். மருந்து நிறுத்தி அப்புறமும் கொஞ்ச நாள் பாக்கணும். வெயிட்டும் இன்னும் வரல. ஆனி மாசக் கடைசிக்கு வாங்க."

இன்னும் மூணு மாதம். என் காலின் ஒரு சில்லுக்காக அவளுக்கு மூணு மாதம். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊசி குத்திக் குத்தி அவள் இடது கை கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. வாரத்துக்கு இரண்டு முறை போதாது, இனி மூன்று முறை என்று அன்றைக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த வேண்டுதல் எனக்காகப் பண்ணதா, உங்களுக்காகவா?"

இன்றைக்கும் அதற்கு முழுசான பதில் என்னிடம் இல்லை. இவளுக்காக நான் இவ்வளவு வலி பொறுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே ஓர் ஆசை இருந்திருக்கிறது. பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஊருக்கு வந்த மறுநாள் அவளே பெரிய மாமாவின் ஆட்டோவில் கடைக்குப் போய் ஒரு ஷூ வாங்கி வந்தாள். நீல நிறம். உங்களுக்குத் தெரியும், இப்போது வாசலில் கிடக்கிறதே, அதுதான்.

"புண்ணு ஆறின உடனே இதைப் போட்டுனு ஓடுங்க. மலைப் பக்கம் போகக் கூடாது. அங்க வேனுங்க நிக்கும், உங்களுக்கு வேண்டுதல் வரும்."

"நாப்பத்தெட்டுன்னு சொல்லிட்டேனே. பதினேழுதான் ஆச்சு."

"யார் உசுருக்கு வேண்டுனீங்க?"

"உனக்குத்தான்."

"அப்போ அது என்னுது. நான் வேணாம்னு சொல்றேன். சாமி வந்து கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

சித்திரையில் டவுன் பூங்காவில் ஆரம்பித்தேன். ஓட்டம் இல்லை, நொண்டல். ஒரு சுற்று சுற்றினால் இருநூறு அடி இருக்கும். ரிட்டயர்ட் வாத்தியார்களும் சர்க்கரைக்காரர்களும் சுற்றுகிற பூங்கா. அங்கேயும் எல்லோரும் வலமாகத்தான் சுற்றுகிறார்கள், நடுவில் இருப்பது ஒரு தண்ணீர் டேங்க் மட்டும்தான். நானும் சுற்றினேன். காகிதப்பூச் செடி, சறுக்கு மரம், டேங்க், கேட். காகிதப்பூச் செடி, சறுக்கு மரம், டேங்க், கேட். ஒவ்வொரு சுற்றிலும் கேட் பக்கத்துக் கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்த நேரத்துக்கு அவள் மெஷினில் படுத்திருப்பாள். அவள் ரத்தமும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கால் தாங்க ஆரம்பித்ததும் ஏரிக்கரைக்கு மாறினேன். கோடையில் ஏரி வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. கரை மண் பாதை, குதிகாலுக்கு இதமாக இருந்தது. ஆனால் நீளமான நேர் பாதை. போய்த் திரும்ப வேண்டும். முதல் நாள் கரை முடிகிற இடத்தில் நின்றுகொண்டு, திரும்பி வர எனக்குக் கால் எழவில்லை. அரை மணி நேரம் நின்றேன். யாரும் தடுக்கவில்லை. என் பழக்கம்தான் தடுத்தது.

அப்புறம் உங்களுக்கு லீவு விட்டது. உங்களைக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஆயா வீட்டில் விட்டேன். ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வந்து பார்த்தேன். நீங்கள் எழுவதற்குள் நான் ஓடிவிட்டு வந்துவிடுவேன். அந்தப் பாதை உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஆயா வீட்டுக்குப் பின்னால் வேர்க்கடலைக் கொல்லை. அதன் வரப்பில் போனால் வண்டிப் பாதை வரும். அது பாறைக் குன்றைச் சுற்றிக்கொண்டு போய்ச் சமணர் வீடுகள் இருக்கிற அடுத்த ஊரின் பம்புசெட்டில் முடியும். நடுவில் ஒரு கொல்லை மூலையில் ஒரு நடுகல் நிற்கிறது. இடுப்பளவுக் கல். அதில் ஒருத்தன் ஒரு கையில் வில்லும் ஒரு கையில் கத்தியுமாக நிற்கிறான். ஊர் மாட்டைக் காப்பாற்றப் போய்ச் செத்தவன் என்று சொல்கிறார்கள். அவனுக்குத் தொப்பை இல்லை. அவன் யாருக்கோ ஒருத்தருக்காகப் போனான், போய்ச் சேர்ந்துவிட்டான். நான் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன்.

ஒரு நாள் பம்புசெட் வரை போனேன். அந்த நிலத்துக்கார அம்மா நெல்லுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக அங்கேயே விவசாயம் செய்கிற சமணக் குடும்பம். ஊருக்குள் அவர்களுக்குச் சொந்தக் கோயில் இருக்கிறது. கொஞ்ச நாளாக என்னைக் கவனித்திருக்கிறார்.

"யாரு தொரத்துறாங்கன்னு இப்படி ஓடறீங்க?"

சொன்னேன். ஏனோ அவரிடம் சொல்ல முடிந்தது. அவர் மண்வெட்டியை நட்டு வைத்துவிட்டுக் கேட்டார்.

"ராத்திரி எத்தினி மணிக்குச் சாப்பிடறீங்க?"

"சவாரி முடிஞ்சு வர்றப்ப பத்து பத்தரை ஆகும். அப்பத்தான் பசியே தெரியும்."

"அதான் உங்க உடம்பு. எங்க வீட்டுல பொழுது எறங்கினா அடுப்பு அணைஞ்சுடும். அது எங்க நோன்பு, உங்கள நோன்பு இருக்கச் சொல்லல. வெளிச்சத்துலயே சாப்டுடுங்க. அப்புறம் ஒண்ணும் தொடாதீங்க. உங்களுக்குத்தான் புடிவாதம் ஜாஸ்தி போல இருக்கே, அதை இதுல காட்டுங்க."

அன்று முதல் ஆட்டோவிலேயே, சூரியன் இறங்குவதற்கு முன்னால், இரண்டு சப்பாத்தி. அப்புறம் ஒன்றுமில்லை. ஸ்டாண்டில் பஜ்ஜி வாசனை வரும்போது எழுந்து வண்டியைத் துடைப்பேன். "இவன் வண்டி கண்ணாடி தேய்ஞ்சே போச்சு" என்று மாமா கத்துவார்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. பெரிய மாமாதான். கிண்டல் இல்லாத குரல்.

"மச்சான், தங்கச்சிக்கு மூச்சு வாங்குது. படுக்க முடியல, உக்காந்தே இருக்கா. நான் தூக்கினு போறேன். நீ வா."

"இன்னா சாப்ட்டா?"

"வெயில் தாங்காம தண்ணி குடிச்சுட்டாளாம். ரெண்டு சொம்பு. வா நீ."

கல்லிலிருந்து பஸ் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். கொல்லையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஓடினேன். அதுவரைக்கும் ஓடியதெல்லாம் ஓட்டம் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வரப்பில் ஓடினேன், வரப்பு வளைகிற இடத்தில் கடலைச் செடிமேல் மிதித்துக் குறுக்கே ஓடினேன், ஒரு கிழவர் திட்டியது காதில் விழுந்தது. தண்ணீர். ரெண்டு சொம்பு தண்ணீர். அதைக் குடிக்கும்போது அவளுக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அந்த மாதங்களை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். இதே நினைப்புதான், ஒவ்வொரு அடிக்கும். சாமியைக் கூப்பிட வாய் வரவில்லை. அவளைத்தான் கூப்பிட்டேன். இரு, இரு, வந்துட்டேன், இரு.

ரோட்டில் கடலை மூட்டை ஏற்றிய வேன் ஒன்றைக் குறுக்கே நின்று மறித்தேன். மூட்டைமேல் உட்கார்ந்து டவுனுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்து மெஷினில் போட்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து என் காலைத்தான் பார்த்தாள். ஷூ முழுக்கச் சேறு. மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"ஷூ போட்டுனுதானே ஓடுனீங்க?"

ஆமாம் என்றேன். அப்புறம் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் பேச வராத நாள் அது ஒன்றுதான். அன்றைக்கு மாலை ஆயா வீட்டுக்குப் போன் செய்து, அப்பாவுக்கு அவசரச் சவாரி, அதனால் சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொன்னேன். பெரியவள் "சரிப்பா" என்று சொன்ன விதத்திலேயே நீ நம்பவில்லை என்று தெரிந்துவிட்டது.

ஆனி மாதக் கடைசியில் மெஷினில் ஏறினேன். சாவி, போன், பெல்ட் எல்லாம் அம்மா கையில். எழுபத்தொன்பது. டாக்டரம்மா குதிகாலை அழுத்திப் பார்த்தார். ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்.

"பரவாயில்லையே. என்ன பண்ணீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"பயந்தாரு டாக்டர்."

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குக் கிளம்புகிறோம். ஆடி மாசம் வேணாம் என்று ஆயா அழுதாள். ஆவணி வரைக்கும் காத்திருக்க இவளுக்கு மூச்சு இருக்குமா என்று கேட்டேன். பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது. இரண்டு பேரையும் ஒரே நாளில் படுக்க வைப்பார்கள். பக்கத்துப் பக்கத்து அறை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எடுத்தது அவளுக்குள் ஒட்டுமா, ஒட்டாதா என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வேண்டுதலில் முப்பத்தொன்று மீதி நிற்கிறது. சில நேரம் அந்த எண் என் முன்னால் வந்து நிற்கிறது.

இன்று காலை அம்மா மலைப் பாதைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். சும்மா கொஞ்சம் நடக்க வேண்டுமாம். ஆட்டோவில் அடி அண்ணாமலை வரைக்கும் போய் இறங்கினோம். நான் ஷூ, அவள் செருப்பு. நூறு அடி வைத்திருப்பாள், நின்றுவிட்டாள். உதடு வெளுத்துவிட்டது.

"முடியலைங்க. திரும்பிடலாம்."

ஆட்டோ பின்னால் நின்றது. முன்னால் மீதிப் பாதை கிடந்தது. ஒரு நொடி என் கால் பழைய மாதிரி முன்னால்தான் போகப் பார்த்தது. அவள் என் தோளைப் பிடித்தாள். நான் அவளைத் திருப்பிக்கொண்டு, மெதுவாக, வந்த வழியே நடந்தேன். எதிரே வந்த இரண்டு பேர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். மலை எங்கள் இடக்கைப் பக்கம் இருந்தது. கால் நடையாக அந்தப் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை.

நாங்கள் திரும்பி வரும் வரை நீங்கள் பெரிய மாமா வீட்டில் இருப்பீர்கள். ஷூவை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். பெரியவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்ளலாம். பூங்கா, ஏரிக்கரை, ஆயா வீட்டுக் கொல்லை, எங்கே வேண்டுமானாலும் ஓடுங்கள். காலில் ஏதாவது குத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். யாராவது வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னால் ஏறிக்கொள்ளுங்கள். பாதியில் திரும்பலாம்.